ஏழு தண்ணீர் கற்றாழை

எங்கள் கொல்கத்தா நியூ டவுன் ஃபிளாட்டின் பால்கனியில் வேறு எந்தச் செடியும் பிழைக்காது. சோற்றுக்கற்றாழை மட்டும் தொட்டியை உடைத்துக்கொண்டு வளரும். தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தால் அது, கொசு கடித்தால் அது, தலைக்கு எண்ணெய் காய்ச்சினாலும் அது. அந்தக் கோடையில் எனக்கு ஐந்து மாதம். வயிற்றுத் தோல் அரித்தபோது கற்றாழைச் சோற்றைத்தான் தடவிக்கொண்டேன். செக்கப்பில் கேட்டதற்கும், தாராளமாகத் தடவலாம் என்றுதான் சொன்னார்கள்.

குடிப்பது வேறு சமாசாரம் என்று எனக்குத் தெரியாது. என் கணவருக்குச் சுத்தமாகத் தெரியாது.

எனக்குக் கொஞ்ச நாளாக மலச்சிக்கல், நெஞ்செரிச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் புலம்பல் தாங்காமல் இவர் சமையலறைக்குள் போனார். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர். வெயில் காலத்தில் இவருடைய அம்மா கற்றாழையை மோரில் அடித்துக் கொடுப்பது ஞாபகம் இருந்தது. ஏழு தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதும் ஞாபகம் இருந்தது. கழுவினார், சத்தியமாக ஏழு தடவை கழுவினார். முழு மடலை, தோலோடு. அப்படியே நறுக்கி, மிக்ஸியில் போட்டு, மோர் விட்டு அடித்துவிட்டார்.

"ரொம்பக் கசக்கறது" என்றேன்.

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும். கண்ணை மூடிண்டு குடி."

பாதி குடித்தேன். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று இவரே குடித்தார்.

சாயங்காலம் வயிற்றை முறுக்கத் தொடங்கியது. என் முதல் கர்ப்பம் மூன்றாம் மாதமே கலைந்துபோனது. அன்றும் இப்படித்தான் ஆரம்பித்தது. லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் மாமியாருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"தோலைச் சீவினானா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. தோலோடதான்."

மாமியார் பதறிவிட்டார்.

"தோலைச் சீவிட்டு, சோத்தைன்னா கழுவணும். அந்த மஞ்சப் பால் போகத்தான் ஏழு தண்ணி. அந்தப் பாலைக் காய்ச்சித்தான் கரியபோளம்னு மருந்து பண்றது. மாசத் தூரம் தள்ளிப்போனா, வரவழைக்க அதைத்தான் குடுப்பா." குரல் உடைந்தது. "பிள்ளைத்தாச்சிக்கு யாராவது குடுப்பாளா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நான் வரேன்."

டாக்ஸியில் இவர் டிரைவரிடம் "தாதா, தாடாதாடி" என்று அவசரப்படுத்திக்கொண்டே வந்தார். இவர்மேல் கோபப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பயம். ஒவ்வொரு முறுக்கலுக்கும் துணி நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். போயிடாதே, போயிடாதே என்று வயிற்றிடம் வாய்விட்டே சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினார். நான் நடந்ததைச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த வங்காளி டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "அவரும் குடித்தாரா?" என்றார். தலையாட்டினேன்.

"அப்படியானால் இது குடல் முறுக்கலாக இருக்கலாம். அந்தப் பால் கடுமையான பேதி மருந்து. எதற்கும் குழந்தையைப் பார்த்துவிடுவோம்."

இருக்கலாம் என்றுதான் சொன்னார். இருக்கும் என்று சொல்லவில்லை.

வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை அழுத்தி நகர்த்தினார். வெறும் இரைச்சல். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். அப்புறம் கேட்டது குழந்தையின் இதயத் துடிப்பு, திடுதிடுவென்று, ஒரே ஓட்டமாக.

இவர் திரும்பி வந்தபோது டாக்டரம்மா கருவியை எடுத்துவிட்டிருந்தார். அறை அமைதியாக இருந்தது. இவர் கண்ணில் பட்டது என் அழுகை மட்டும்தான். கேட்கப் பயந்து, கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். இன்னொரு தடவை வையுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கையைக் காட்டினேன்.

மறுபடியும் முதலில் வெறும் இரைச்சல்தான். அப்புறம் அந்த ஓட்டம் கேட்டது. அதற்குப் பிறகுதான் இவர் கதவை விட்டார்.