கலா காடியோட ஹெட்லைட்

யோங் பெங் போற ரோட்டுல ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். பொழுது சாஞ்சாச்சு, மழை வேற தூறுது. எதிர்ல செம்பனைக் குலை ஏத்துன லாரி வருது. ஒரு பள்ளத்துல நான் ஓட்டுன காடியோட டயர் இறங்குச்சு பாருங்க, ரெண்டு ஹெட்லைட்டும் ஒண்ணா அணைஞ்சு போச்சு. அலமாக்! லாரிக்காரன் ஹார்ன் அடிச்சே காதைக் கிழிச்சிட்டான். புல்லுல இறக்கி நிறுத்துனேன். என்ஜினை ஆஃப் பண்ணக்கூட விரல் வரல.

காடி என்னோடது இல்ல, கலாவோடது. அன்னிக்குக் காலையிலதான் குளுவாங்குல என் காடி வயரிங் வர்க்‌ஷாப்புக்குக் கொண்டாந்துச்சு. அதோட வீட்டுக்காரருக்குக் கிட்னி போயிடுச்சு, டயாலிசிஸ். எஸ்டேட் ரோட்டுல விடியிறதுக்கு முன்னாடியே கிளம்பி அவரை டயாலிசிஸ் சென்டருக்குக் கூட்டிட்டு வரணும். மறுநாள் முறை இருக்கு, தள்ளிப் போட முடியாது. காடியில லைட்டு நெனச்சா எரியும், நெனச்சா அணையும். வேற கடையில பல்பு மாத்தி, சுவிட்சு மாத்தி, ஒண்ணும் கேக்கல. நானும் பெரிய இவனாட்டம் ரிலேயை மாத்திட்டு, சரியாச்சுன்னு கலாகிட்ட சொல்லிட்டு ஓட்டிப் பார்க்கத்தான் போனேன். அப்பத்தான் இந்தக் கூத்து.

கொஞ்ச நேரத்துல லைட்டு தானா எரிஞ்சுச்சு. அதுதான் எனக்கு இன்னும் பயம். செத்த லைட்டைப் பிடிச்சிடலாம், விளையாடுற லைட்டை எங்க போய்ப் பிடிக்கிறது? ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்தேன்.

வர்க்‌ஷாப்புல கலா நாற்காலி நுனியில உக்கார்ந்திருந்துச்சு. "நாளைக்குப் போயிடலாமாண்ணே?"ன்னு கேட்டுச்சு. எனக்கே தெரியல, அது கேக்குதேன்னு எரிச்சல். "கொஞ்சம் சும்மா இரு லா"ன்னு எரிஞ்சு விழுந்துட்டேன். பாவம் அது.

பல்பைக் கழட்டி சாக்கெட்டுல பார்த்தா பன்னெண்டு வோல்ட் ஒழுங்கா வருது. பல்பைப் போட்டு, ஹைபீம் எரிய விட்டு, கரண்ட் திரும்பிப் போற எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மீட்டர் வச்சேன். ஒண்ணுமே காட்டக்கூடாத இடம் அது. வயரை ஆட்டுனதும் ஏழு, எட்டுன்னு ஏறுது, லைட்டு மங்குது. பிளஸ்ஸுல கோளாறே இல்ல, எர்த் பிடிக்கல.

அந்த வயரைப் பிடிச்சுக்கிட்டே கிரில்லுக்குப் பின்னால கையை விட்டேன். கொழகொழன்னு என்னமோ தட்டுப்பட்டுச்சு. டார்ச் அடிச்சா, திருஷ்டிக்குக் கட்டுன எலுமிச்சம்பழமும் மிளகாயும். கோத்த கம்பியோட முனையை ரெண்டு லைட்டுக்கும் பொதுவான எர்த் நட்டுக்கு அடியில சொருகியிருக்கு. அழுகுன சாறு நட்டு மேலேயே வடிஞ்சு வடிஞ்சு, பச்சை பூத்துப் போய்க் கெடக்கு.

கலாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"நூல்ல கட்டுனா அறுந்து விழுதுண்ணே. அதான் நட்டை லூஸ் பண்ணி நானே சொருகுனேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம புதுசு கட்டுவேன். அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானேண்ணே கட்டுனேன்."

அழுதுடுச்சு. திட்டணும்னு வந்த கோபத்தை முழுங்கிக்கிட்டேன். அந்த இடத்தைச் சுரண்டி, புது டெர்மினல் அடிச்சு, நல்லா முறுக்கி, கிரீஸ் பூசுனேன். எலுமிச்சம்பழம் வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. வயர் பக்கமே போகாம பம்பர்ல நைலான் கயித்துல கட்டிக்கோன்னு சொன்னேன். காடியைக் குலுக்கிப் பார்த்தேன், அதே பள்ளத்துல ஓட்டியும் பார்த்தேன். லைட்டு மங்கக்கூட இல்ல.

"சரியாயிடுச்சும்மா."

"போன கடையிலயும் இதாண்ணே சொன்னாங்க."

நானும்தானே ரிலேயை மாத்திட்டு அப்படியே சொன்னேன்?

மறுநாள் இருட்டு கலையறதுக்கு முன்னாடி அது வீட்டு முன்னால என் வேனை நிறுத்துனேன். நான் முன்னால போறேன், என் பின்னாலேயே வான்னு சொன்னேன். வழியெல்லாம் கண்ணு வேன் கண்ணாடியிலதான். எஸ்டேட் ரோட்டுல ஒரு பள்ளம் வந்தப்ப வேனை மெதுவா உருட்டுனேன். ரெண்டு லைட்டும் குலுங்குச்சு, அணையல.

வயர்மேன் வேலைக்கு வர்ற தம்பிங்களா, எர்த்தை மொதல்ல பாருங்க. அதைவிட, கஸ்டமருக்குப் பயம் போகலைன்னா உங்க வேலை இன்னும் முடியலைன்னு வச்சுக்குங்க.

டயாலிசிஸ் சென்டர் வாசல்ல கலாவோட வீட்டுக்காரர் காடிக் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாரு. "ஒவ்வொரு முறையும் இவ ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்கிட்டுச் சாமி பேரைத்தான் சொல்லிக்கிட்டு வருவாண்ணே"ன்னாரு. "இன்னிக்குத்தான் என்கிட்ட பேசிக்கிட்டு வந்தா."