பைக்குள் உடைக்காத தேங்காய்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவும் சித்தியும் ஒரு மாதத்துக்கு மேலாக நேருக்கு நேர் கதைக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இந்தக் கோபம். இடையில் தூது போக நான் ஒருத்தி இருந்ததால் அவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

“இரவைக்குப் புட்டோ இடியப்பமோ எண்டு உன்ர சித்தியிட்டக் கேள்” என்பார் அம்மா. சித்தி அதே குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பார். “புட்டு எண்டு கொம்மாட்டச் சொல்லு” என்பார். நான் வாயைத் திறக்குமுன்பே அம்மா மாவை எடுத்திருப்பார். ஆனாலும் நான் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைப்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் என் நிலை. ஆனால் இந்த மத்தளத்துக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வீட்டில் என்னைக் கேளாமல் ஒரு புட்டும் அவியாது.

சண்டை விமானத்தால் வந்தது. மொன்றியலின் மேற்குப் பக்கம், புவாண்ட்-கிளேரையும் தாண்டி எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன விமானத்தளம் இருந்தது. டோர்வல் விமான நிலையத்தில் இறங்குகிற பெரிய விமானங்கள் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. மூக்கில் காற்றாடி சுழலும், இரண்டு பேரோ நான்கு பேரோ ஏறுகிற குட்டி விமானங்கள்தான் அங்கே எழும்பும், இறங்கும். கோடையில் எங்கள் வளவுக்கு மேலாகவே அவை வட்டம் போடும்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தார். டோர்வலில் பெரிய விமானங்களுக்குள் துப்புரவு வேலை. ஒருநாள் விமானி இருக்கும் அறையைத் துடைக்கப் போனவர், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து அந்த இருக்கையில் இருந்து பார்த்தாராம். எழும்பத்தான் மனம் வரவில்லை என்று சொல்வார். அடுத்த வசந்தத்தில் பின்தெரு விமானத்தளத்துப் பறப்புப் பள்ளியில் சேர்ந்துவிட்டார். அப்பா தலையைச் சொறிந்தார். அம்மா மட்டும் சனம் வருகிற இடமெல்லாம் “என்ர தங்கச்சி பிளேன் ஓட்டுறாள்” என்று சொல்லித் திரிந்தார். பிறந்தநாள் விழாவில், கோயிலில், பல் வைத்தியரிடம்கூடச் சொன்னார்.

அதெல்லாம் நீலம் வரும்வரைக்கும்தான்.

ஒரு ஞாயிறு சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பறக்க முன்னர் இறக்கைக்கு அடியில் குனிந்து, எரிபொருளில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் வடித்துக் காட்டினார். அது நல்ல நீலமாக இருந்தது. தண்ணீர் கலக்கவில்லை, நிறம் சரி என்று பார்த்துவிட்டு மிச்சத்தைப் புல்லில் ஊற்றினார். அங்கே எல்லாரும் அப்படித்தான் ஊற்றினார்கள். குழாயின் விளிம்பில் நின்ற துளியை நான் விரலில் தொட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு விரலை நீட்டி, “சித்தியின்ர பிளேன் நீலப் பெற்றோல் குடிக்குது” என்று பெருமையாகச் சொன்னேன்.

அம்மா வீட்டில் கார்டெரி நடத்தினார். வேலைக்குப் போகிற தாய்தகப்பன்மார் காலையில் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுப்போவார்கள். அந்தக் குழந்தைகள் முழு நாளும் எங்கள் பின்வளவில் தவழ்ந்து, மண்ணைக் கிளறி, கண் தப்பினால் அதில் ஒரு வாய் தின்றும் பார்ப்பார்கள். அந்தக் கிழமைதான் ஒரு குழந்தையின் தாய் வந்து, இந்தக் குட்டி விமானங்களின் எரிபொருளில் ஈயம் இருக்கிறது, அது புகையோடு கீழே வருகிறது, குழந்தைகளின் மூளைக்குக் கூடாது என்று கவலைப்பட்டுவிட்டுப் போயிருந்தார். என் விரலைக் கண்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. என் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் தோல் சிவந்தது.

“விசரோ உனக்கு? பிள்ளையின்ர கையில ஈயத்தைப் பூசிக்கொண்டு வாறாய்!”

“ஒரு துளிதானே அக்கா.”

“உனக்கு ஒரு துளி. இந்தப் பிள்ளையளுக்கு மேல நாள் முழுக்கக் கொட்டுது.”

அதுதான் அவர்கள் நேராகக் கதைத்த கடைசிக் கதை.

அம்மா ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். நகரசபை கூட்டிய கூட்டத்தில் எழுந்து நின்று, கார்டெரியில் பழகிய பிரெஞ்சில், குழந்தைகளை அதட்டுவதுபோலவே பெரிய மனிதர்களை அதட்டினார். விமானத்தோடு தனக்குப் பகை இல்லை, ஈயத்தோடுதான் பகை என்றார். சனம் கைதட்டியது. சித்தி பின்வரிசையில் மடியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். கைதட்டவில்லை. ஆனால் கூட்டம் முடிந்ததும் அம்மா கதிரையில் மறந்துவிட்ட கோட்டை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. ஈயம் கலந்த எரிபொருளைப் பனி தொடங்குமுன் நிறுத்த வேண்டும். வேறு எரிபொருள் கொண்டுவரத் தங்களுக்கு வசதியில்லை, ஆகவே மூடுகிறோம் என்று தளத்துக்காரர் சொல்லிவிட்டார்கள். பறப்புப் பள்ளி ஆற்றுக்கு அப்பால் வெகுதூரம் போகப்போகிறது. அங்கே பஸ் இல்லை, சித்தியிடம் கார் இல்லை. மூடுவதற்குள் பறப்புச் சோதனையில் தேறினால் உண்டு, இல்லாவிட்டால் சித்தியின் பறப்பு அதோடு சரி. இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் மழை கெடுத்தது. மூன்றாவதாகக் கிடைத்தது நவராத்திரிக் கிழமையில் ஒரு நாள்.

“நாளைக்கு நல்ல நாள் எண்டு உன்ர சித்தியிட்டச் சொல்லு” என்றார் அம்மா.

“சோதினை எடுக்கிற மனிசன் நாள் பாக்கிறேல்லை, காத்துத்தான் பாக்கிறவர் எண்டு கொம்மாட்டச் சொல்லு.”

அடுத்த நாள் அம்மா குழந்தைகளை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, சேலைக்கு மேல் கோட்டும் சால்வையுமாக, கையில் ஒரு பையோடு என்னையும் இழுத்துக்கொண்டு விமானத்தளத்துக்குப் போனார். படலையைத் திறந்துவிட்ட பள்ளிக்காரருக்கு, நகரசபையில் தங்களை அதட்டிய அம்மணி இவர்தான் என்று அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு அடி பின்னுக்குப் போய்த்தான் வழி விட்டார்.

அம்மா ஒருவரையும் கேட்கவில்லை. சித்தி பறக்கவிருந்த விமானத்தின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மூன்று சில்லுக்கும் மூன்று எலுமிச்சம்பழம் வைத்தார். புதுக் கார் வாங்கிய வீட்டில் செய்வதுதானே. சித்தியும் அவரைச் சோதிக்க வந்த பெரியவரும் அந்த நேரம் அலுவலகத்துக்குள் கேள்வி பதிலில் இருந்தார்கள். பிறகு அம்மா தேங்காயை வெளியே எடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து அம்மா தேங்காயை மனமார உடைத்தது கிடையாது. சிதறினால் வீட்டுச் சொந்தக்காரர் ஏசுவார், பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள் என்று, தேங்காயைக் கடைப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுத்தான் எங்கள் ஆட்கள் படியில் மோதுவார்கள். ‘தொம்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இப்போது அம்மாவின் முன்னால் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குச் சீமெந்துத் தரை. ஏச ஒருவரும் இல்லை. அம்மா தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடித்தார். அது நாலா பக்கமும் சிதறிப் பறந்தது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சத்தம் கேட்டுச் சித்தி ஓடிவந்தார். பின்னால் பெரியவரும் வந்தார். தூரத்தில் புறப்பட நின்ற ஒரு விமானத்தை நோக்கிப் பள்ளிக்காரர் இரண்டு கையையும் வீசி நிறுத்தினார்.

“அக்கா! என்ன வேலை பாத்தனீங்கள்!” சித்தி காலடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்து நீட்டினார். “ஒரு கல்லுக் கிடந்தாலே காத்தாடி இழுத்தெடுக்கும். காத்தாடி உடையும். இனி எங்க பறக்கிறது?”

அம்மா தரையைப் பார்த்தார். “ஒரே அடியில உடைஞ்சிட்டுதடி. நல்ல சகுனம்” என்றார், ஆனால் சத்தம் உள்ளே போய்விட்டது.

எனக்கு முதலில் உறைத்தது வேறு. இரண்டு பேரும் நேராகக் கதைத்துவிட்டார்கள். என் வேலை போய்விட்டது.

பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துக் குனிந்து பொறுக்கச் சொன்னார். தானும் முழங்காலில் இருந்து பொறுக்கினார். ஒரு துண்டும் மிஞ்சவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அம்மா உடனே சால்வையைக் கழற்றி விரித்து, துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தித் தேங்காயைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். கார்டெரியில் குழந்தைகளுக்குப் படத்துண்டு பொருத்திக் காட்டிய கை அது. சித்தி எதிரில் குந்தியிருந்து துண்டுகளை எடுத்துக்கொடுத்தார். கடைசியில் ஒரு விரலளவு ஓட்டை மிஞ்சியது. எல்லாரும் மறுபடி தேடினோம். அந்தத் துண்டு அம்மாவின் சப்பாத்து அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் சிரித்துவிட்டார். இதைச் சாப்பிடலாமா என்று கேட்டு, ஒரு துண்டைத் துடைத்து வாயில் போட்டு மென்றபடியே, “சரி அம்மணி, பறப்போம்” என்றார்.

சித்தி தேறினார். அதை இழுத்தடிக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தத் தளம் பனிக்கு முன்னர் மூடப்பட்டது. இன்று சித்தி வடக்கே, தெருவே இல்லாத ஊர்களுக்குச் சாமானும் ஆட்களும் ஏற்றிப் பறக்கிறார். இரவில் அம்மாவோடு தொலைபேசியில் மணிக்கணக்காகக் கதைக்கிறார். நடுவில் என்னை ஒருவரும் தேடுவதில்லை.

ஆனால் அன்று எனக்கு அம்மாமேல் பொல்லாத கோபம். சித்தி உள்ளே ஏறிக் கதவைச் சாத்தி, காற்றாடி சுழலத் தொடங்கி, புகை மணம் எங்கள் பக்கம் வந்ததும், அம்மா சால்வையை உதறி என் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தேங்காய் மணக்கும் சால்வை மூக்கையும் வாயையும் மூடி, கண்ணையும் பாதி மறைத்தது. நான் திமிறினேன். சித்தி எழும்புவதைப் பார்க்கவிடாமல் செய்கிறாரே, இவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்றுதான் நினைத்தேன். ஒருவழியாகத் தலையை வெளியே இழுத்து அண்ணாந்து பார்த்தபோது, அம்மா அந்தப் புகைக்குள் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விமானம் மரங்களைத் தாண்டும்வரை கண் இமைக்காமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கை மட்டும் திரும்பத் திரும்ப என் மூக்கைத் தேடி வந்துகொண்டே இருந்தது. நான் அதைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன்.