வெள்ளிக்கிழமை உறையும் ஒரு டொலரும்

கனடாவில், ஸ்காபரோ பிளாசா ஒன்றில் எனக்குச் சின்னச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அங்கே ரோல்ஸ் சுற்றுகிற அன்ரிக்கு ஏழு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் உறையில் காசு வைத்துக் கொடுத்தேன். கல்யாண வீட்டில் நூற்றொன்று கொடுப்பதுபோல, தொகை ஒன்றில் முடிய ஒரு டொலர் கூட்டி வைப்பேன். அந்த ஒரு டொலரால் நான் பெரிய மனிதன் என்று நினைப்பு. சம்பளத்தில் வரி பிடிக்கவில்லை. ஓய்வூதியமும் வேலைக் காப்புறுதியும் கட்டவில்லை. அன்ரியிடம் போய்ச் சம்பளச் சீட்டு நீட்டுவது மரியாதை இல்லை என்று எனக்கு நானே கதை விட்டேன். காசை மிச்சம் பிடித்தேன், அவ்வளவுதான்.

பிறகு அன்ரிக்கு முழங்காலில் ஒப்பரேசன். மூன்று மாதம் நின்று வேலை செய்யக் கூடாது. வாடகை கட்ட நோய்க்கால உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தார். அவர் எங்குமே வேலை செய்ததாகப் பதிவில்லை என்று பதில் வந்தது.

“தம்பி, ஏழு வருசமா நான் உம்மட கடையில நிண்டனோ, இல்லாட்டிப் பேயோ ரோல்ஸ் சுத்தினது?”

சில நாளில் வரி அலுவலகக் கடிதம். அன்ரி என் ஊழியரா, சொந்தத் தொழில் செய்பவரா என்று தொலைபேசியில் விசாரிப்பார்களாம். கணக்காளரிடம் ஓடினேன்.

“சொந்தத் தொழில் எண்டு சொல்லுங்கோ அண்ணை. ஊழியர் எண்டா உங்கட பங்கோடை அவவின்ர பங்கும் உங்கட தலையிலதான். மேலை தண்டம், வட்டி.”

“அப்ப அன்ரிக்கு?”

“ஒண்டும் கிடையாது.”

“சரி, அப்பிடியே சொல்லுறன்” என்றேன். வெட்கம்தான், ஆனால் சொன்னேன்.

விசாரித்த அதிகாரி நிதானமான பெண். ரோல்ஸ் பொரிக்கிற சட்டி யாருடையது என்றார். கடையில் இருக்கிறது என்றேன். வெள்ளிக்கிழமைக் காசு எதற்கு என்றார். பதறிப்போய், அது அன்பளிப்பு என்றேன். ஒரு டொலர் கூட வைத்தால் எங்கள் வழக்கத்தில் அன்பளிப்பு என்று விளக்கமும் கொடுத்தேன்.

“வாராவாரமா?”

“நாங்கள் தாராளமான ஆட்கள்.”

அதிகாரி அந்தக் கேள்வியை அத்தோடு விட்டார். பிறகு, “அவர் விரும்பிய நேரத்துக்கு வரலாமா? தனக்குப் பதிலாக வேறு யாரையும் அனுப்பலாமா?” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என் கடையிலா? பத்து நிமிடம் பிந்தினால் கத்துவேன். லீவு வேண்டுமென்றால் என்னிடம் கேட்க வேண்டும். ரோல்ஸ் எவ்வளவு நீளம் என்று சொல்வதும் நான். அங்கே முதலாளி நான்!”

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. “நன்றி. அதுதான் எனக்குத் தேவைப்பட்டது.”

“உங்கட வாய்க்குத் தனியா ஒரு லோயர் வைக்கவேணும்” என்றார் நடந்ததைக் கேட்ட கணக்காளர்.

அன்ரி என் ஊழியர்தான் என்று முடிவு வந்தது. இரண்டு பங்கையும் தண்டத்தோடு கட்டினேன். கடைக்குப் புது அடுப்பு வாங்க வைத்திருந்த காசு அதில் போனது. அன்ரிக்கு உதவிப்பணம் கிடைத்தது.

மூன்று மாத ஓய்வு முடிந்து வேலைக்கு வந்தவருக்கு முதல்முறையாகக் காசோலையும் சீட்டும் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வரிவரியாக வாசித்தார்.

“வரி, ஓய்வூதியம், காப்புறுதி... ஓம், எல்லாம் கிடக்கு. எங்கை என்ர ஒரு டொலர்?”

“போட்டனான் அன்ரி. அதுக்கும் வரி பிடிச்சிட்டாங்கள்.”

“உது எனக்குத் தெரியாது. கையில வாற காசு ஒண்டில முடியவேணும்.”

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கணக்காளர் ஒன்றில் முடிகிற கடைசித் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார். அதற்கு என்னிடம் தனியாகக் காசும் வாங்குகிறார்.