கொம்பு முறிந்த அன்று

காலையில் போனில் கௌரியின் செய்தி வந்தது: "கொழும்புக்கு வேலைக்கு வந்துட்டன்கா. வெள்ளவத்தையிலதான் ரூம். பேச்சுத்துணைக்கு ஒரு சனமில்ல. நீயும் இங்கதானாமே?"

வாசித்ததும், கோத்து இழுத்த கொம்பு படாரென்று முறியும் சத்தம் காதில் விழுந்தது.

எங்கள் ஊர் கண்ணகி அம்மன் கோயிலில் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கோத்து, ஒன்று முறியும்வரை கொம்பிழுப்பார்கள். கொம்பு முறிந்த சேரியை வென்றவர்கள் வசைபாடுவார்கள். கௌரி வடசேரி, நான் தென்சேரி. பள்ளிக்கூடத்திலோ ஒரே வாங்கில் இருப்போம். அம்மா குவைத்துக்குப் போன பிறகு அவளுடைய பழைய சீலையை முகர்ந்துகொண்டு தூங்குவதைக் கௌரியிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

அந்த வருடம் எங்கள் கொம்பு முறிந்தது. கௌரிதான் முதலில் பாடினாள்.

"அம்மாட சீலைய மோந்து படுக்கிற தென்சேரிக் குட்டி!"

கற்பூரப் புகைக்குள் நின்ற சனமெல்லாம் சிரித்தது, எங்கள் சேரியும் சேர்ந்து.

"விளையாட்டுத்தானே புள்ள, அழாத" என்றாள் பெரியம்மா.

அதன்பிறகு நான் ஒருவரிடமும் மனம்விட்டுப் பேசியதில்லை. கொழும்புக்கு வந்து ஒரு வருடமாகியும் எனக்கொரு சிநேகிதி இல்லை. கௌரியோ இப்போது நானிருக்கும் அதே வெள்ளவத்தையில்.

அவசரப்படாமல் தட்டச்சு செய்தேன்: "நான் ஊருக்கே திரும்பிட்டன்கா. நீ புதுசா ஆரையும் புடி. மனசில கிடக்கிறத ஒண்டும் விடாமச் சொல்லு புள்ள, அப்பதான் நெருங்குவாங்க."