ஒரு அடிகூடப் பிசகாத பாட்டு

போன வாரம் பேருந்தில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டு வந்தேன். பாட்டு முடிந்ததும் செயலி தானாகவே அடுத்ததைப் போட்டது. கிடாரின் முதல் கீறலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. 'ஓரிக்கை போற பஸ்'. 'ஈரச் சாயம்' குழுவின் இரண்டாவது பாட்டு. கேள்விப்பட்டதில்லையா? கோபமில்லை. காஞ்சிபுரத்திலேயே யாரும் கேள்விப்பட்டதில்லை. குழுவின் மூன்று பேரில் ஒருவன் நான். என் அம்மாவே எந்தப் பாட்டையும் முழுதாகக் கேட்டதில்லை.

சொந்தப் புராணம் என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே நல்ல பாட்டுகள். 'ஓரிக்கை போற பஸ்'ஸில் ஞானவேல் பல்லவியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் மூச்சு வாங்குவான். பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பவனின் மூச்சு அது. 'சாயம் போன சட்டை'யில் வினோத்தின் பேஸ் கிடார் இரண்டே சுரத்தில் நடக்கும். பக்கத்து ஊரான மாகறலிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்த அவனுக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும் என்பது வேறு விஷயம். எல்லாவற்றையும்விட நல்ல பாட்டு மூன்றாவது, 'நாடா'. வம்பு வந்ததும் அதில்தான்.

ஞானவேல் வீட்டில் நுழைந்தாலே பட்டு நூலின் வாசனையும் காபி வாசனையும் கலந்து வரும். டிரம்ஸ் வாங்க வக்கில்லாத குழு எங்களுடையது. அவர்கள் வீட்டுத் தறிச் சத்தத்தையே தாளமாக வைக்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். அவன் அப்பா குழித்தறியில் நெய்ய, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடுநூல் சுற்றிய நாடாவைத் தள்ள, செல்போனில் பதிவு செய்தேன். கணினியில் போட்டுப் பார்த்தால் ஓர் அடி முந்துகிறது, ஓர் அடி பிந்துகிறது. இசை மேதை சும்மா இருப்பேனா? ஒவ்வோர் அடியையும் இழுத்துச் சரியான இடத்தில் உட்காரவைத்தேன். கொஞ்சம் வேகமும் கூட்டினேன்.

ஞானவேல் பெருமையாகத் தெரு வாட்சப் குழுவில் பாட்டின் இணைப்பைப் போட்டு, 'எங்க வூட்டுத் தறி' என்று எழுதினான். எங்கள் பாட்டை யாரும் திறந்துகூடப் பார்க்காத குழு அது. அன்று பார்த்துத் தெருவே கேட்டது. அவர்கள் காதில் பாட்டு விழவில்லை, பவர்லூம்தான் விழுந்தது. ஞானவேலின் அப்பா பின்கட்டில் மறைத்துவைத்து ஓட்டுகிறார் என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் கைத்தறிச் சங்கம்வரை போய்விட்டது. அது உண்மையென்றால் சங்கத்திலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள், நெய்யப் பாவு நூல் தரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆள் வந்து பார்க்கும் என்று சொல்லியனுப்பினார்கள்.

நான் போய் நடந்ததைச் சொன்னேன். ஞானவேலின் அப்பா பாட்டைப் போடச் சொல்லி, கடைசிவரை கேட்டார்.

"மனுசன் கை இப்டி அடிக்காதுபா. நீ நேராக்கினேன்னு சொல்ற, வர்றவங்க நம்பணுமே."

தெருமுனைவரை கேட்கும் குரல் அவருக்கு. அன்று பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. வெள்ளிக்கிழமைவரை சோறு இறங்கவில்லை.

இரண்டு பேர் வந்தார்கள். பின்கட்டு, மாடிப்படி, தார்ப்பாய்க்கு அடியில் எல்லாம் பார்த்தார்கள். பிறகு நெய்து காட்டச் சொன்னார்கள். அவர் குழியில் இறங்கி உட்கார்ந்தார். நாடா இரண்டு முறை நழுவிக் கீழே விழுந்தது. எத்தனை வருஷமாக நெய்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஞானவேலின் அம்மாதான் பதில் சொன்னார். ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அத்தனை காலம் நெய்தவர் நெய்யத் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தது என்னால்தான். அவமானத்தில் வாசலில் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவர்கள் வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் 'நாடா'வை இணையத்திலிருந்து எடுத்தேன். திரும்பவும் வந்து கேட்டால் என்ன செய்வது என்று செல்போனிலும் கணினியிலும் இருந்ததை அழித்தேன். அதன்பிறகு குழு கூடவில்லை. சண்டையெல்லாம் இல்லை, அந்த வீட்டில் போய் உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை.

பேருந்திலிருந்து இறங்கியதும், சென்னையில் இருக்கும் ஞானவேலைக் கூப்பிட்டேன். பொங்கலுக்கு வந்தபோது அப்பாவே கேட்டாராம், அந்தத் தறிப் பாட்டு இருக்கிறதா என்று. அம்மா இறந்தபிறகு, அவர்கள் இருவரும் சேர்ந்து நெய்த சத்தம் வேறு எதிலும் இல்லையாம்.

"அன்னிக்கே அழிச்சிட்டேன்டா" என்றேன்.

"நானும்தான்பா. உன்கிட்ட இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

வினோத்தையும் கேட்டோம். அவனும் பயந்து அன்றே அழித்திருக்கிறான், எங்கள் இருவரை நம்பி. சரி, பாடியாவது காட்டலாம் என்று பார்த்தால் இரண்டாம் சரணம் மூன்று பேருக்கும் நினைவில்லை.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடுபா" என்று ஞானவேல் போனை வைத்துவிட்டான்.

சொல்லத்தான் வேண்டும். இன்னும் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை.