அண்ணாவோடு வெளியே நின்ற நாட்கள்

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு, ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவிலுள்ள எங்கள் மாடி வீட்டில் நடந்தது இது. பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கதவைத் திறந்தால் என் அண்ணா நிற்கிறார், கையில் ஒரு பயணப் பை. அவருக்குப் பின்னால் அண்ணி. அண்ணியின் கையில் ஒன்றுமில்லை, முகத்தில் மட்டும் பெரிய நிம்மதி.

"ஒரு கிழமைக்கு இவரை உங்கை வைச்சிரு" என்றார் அண்ணி, சப்பாத்தைக் கழற்றாமலே. "என்னாலை ஏலாது. என்னோடை இருந்தால் ஒண்டில் இவர் சிகரெட்டை விடமாட்டார், இல்லாட்டி நான் இவரை விட்டிடுவன்."

விசயம் இதுதான். அண்ணாவுக்குக் கொஞ்சத் தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இறுகிப் போகும். நின்று ஆறினால்தான் அடுத்த அடி. காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, சத்திரசிகிச்சை செய்யவேண்டும், ஆனால் அதற்கு முன் புகைப்பதை அடியோடு விடவேண்டும், விடாவிட்டால் செய்வதில் பயனில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அப்படியே விட்டால் பாதத்தையே இழக்க நேரலாம் என்றும் சொன்னாராம். ஹவுகெட்டோவில் அவர்களுடைய வீட்டில் பல்கனியில் உட்காரும் கதிரையிலிருந்து கோப்பி குடிக்கும் கப் வரை எல்லாமே அவருக்குச் சிகரெட்டைத்தான் நினைவூட்டின. தொடக்க நாட்களுக்கு இடம் மாறி இருந்து பாருங்கள் என்று வைத்தியசாலைத் தாதி சொல்ல, அண்ணி யோசித்த ஒரே இடம் அடுத்த ஸ்டேசனில் இருக்கும் என் வீடு.

எனக்கும் பாசம் பொங்கியது. என் அண்ணா அல்லவா, ஒரு வாரம்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பாசம் பின்னேரம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

வந்ததும் வராததுமாக, கையில் மிஞ்சியிருந்த சிகரெட் பெட்டியை எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய், கீழே இருந்த பெரிய குப்பைத் தொட்டியில் எறிந்தார். என் மகளைக்கொண்டு அதை வீடியோ எடுக்கவும் வைத்தார். பின்னேரம் ஆளைக் காணவில்லை என்று யன்னலால் பார்த்தால், அதே தொட்டிக்குள் தோள்மட்டும் கையை விட்டுக்கொண்டு நிற்கிறார். பக்கத்து வீட்டு நோர்வேஜியப் பெண்மணி, ஏதும் விழுந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். இவர் வெட்கத்தில் மோதிரம் என்று சொல்லியிருக்கிறார். அந்த நல்ல மனுசி கையுறையைப் போட்டுக்கொண்டு வந்து தானும் தேடத் தொடங்கிவிட்டார். அதோடும் விடவில்லை. மறுநாள் எங்கள் கட்டட வாசலில் அறிவித்தல் ஒட்டியிருந்தது: மோதிரம் கண்டெடுத்தால் மூன்றாம் மாடியில் கொடுக்கவும். நான் போய் எல்லாவற்றையும் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

அடுத்தடுத்த நாட்களை என்னவென்று சொல்ல! தோளில் நிக்கோட்டின் பிளாஸ்டர், வாயில் நிக்கோட்டின் சுவிங்கம். அவர் அதைச் சப்பும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். கறியில் உப்பில்லை என்பார். உப்புப் போட்டால், "என்ன, கடலுக்கை போட்டு எடுத்தனியோ?" என்பார். சும்மா இருக்க முடியாமல் குசினி அலுமாரிக் கதவைத் திருத்துகிறேன் என்று கழற்றினார். கதவு இரண்டு நாள் நிலத்தில் கிடந்தது. என் கணவர் பஸ் ஓட்டுபவர். யாருக்காவது சுகமில்லையாம், நான்தான் போகவேண்டுமாம் என்று தினமும் ஒரு கதை சொல்லிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். அந்தக் கிழமை மட்டும் ஒஸ்லோவில் அத்தனை பஸ் சாரதிகளுக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்ததுபோல் இருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள்: "அம்மா, மாமா ஹெல்ட் உமூலிக்!" முற்றிலும் தாங்க முடியாத ஆள் என்று அர்த்தம்.

நான் தாதிக்குத் தொலைபேசி எடுத்தேன். புகைக்கவேண்டும் என்ற அந்த வெறி அலைபோல வரும், சில நிமிடங்கள் தாக்குப் பிடித்தால் தானாக இறங்கிவிடும், அந்த நேரத்தில் யாரோடாவது பேசட்டும் என்றார். நல்ல யோசனை என்று நினைத்து, "வெறி வந்தால் எனக்கு ஒரு கோல் எடுங்கோ அண்ணா" என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நான் வேலை செய்வது ஒரு பார்னெஹாகெயில், அதாவது சிறுவர் பள்ளியில். குளிர் உடுப்புப் போட்ட குழந்தைகள் பனியில் உருண்டுகொண்டிருப்பார்கள். ஒருவருக்கு மூக்குத் துடைக்கவேண்டும், இன்னொருவருக்குக் கையுறையைத் தேடவேண்டும். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்கும்.

"பெருஞ்சீரகம் எங்கை வைச்சிருக்கிறாய்?"

"உங்களுக்கு இப்ப ஏன் அண்ணா பெருஞ்சீரகம்?"

"தேவையில்லை. நீதானே கோல் எடுக்கச் சொன்னனீ."

இப்படியே ஒரு நாள் முழுக்க. என் பொறுப்பாளர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போனால் அண்ணாவின் மேல் உதடு வீங்கினதுபோல இருக்கிறது. உள்ளே ஸ்னூஸ். உதட்டுக்குள் அடக்கி வைக்கிற புகையிலைப் பொட்டலம். கேட்டதற்கு, "வைத்தியர் புகைதானே கூடாதெண்டவர். இதிலை எங்கை புகை?" என்று சட்டம் பேசினார். அந்த டப்பாவைப் பறித்துக் குப்பையில் போட்டேன். இந்தமுறை மகளைக் காவல் வைத்தேன்.

பிறகு ஒரு நாள் ஒரு கோலும் வரவில்லை. காலையில் சந்தோசமாக இருந்தது. மத்தியானம் சந்தேகம் வந்தது. வேலை முடிந்து ஹொல்ம்லியாவில் ரெயினால் இறங்கி, கடைத்தொகுதிக்குப் பின்பக்கம் வந்தேன். புகைப்பவர்கள் காற்றுக்கு ஒதுங்கி நிற்கும் மூலை அது. அங்கே அண்ணாவும் அவருடைய பழைய சிநேகிதர்கள் மூன்று பேரும் நிற்கிறார்கள். அண்ணா தலையை நிமிர்த்திச் சிரிக்கிறார். கையில் சிகரெட் எரிகிறது.

"அண்ணா!"

அறுபது வயதை எட்டிப் பிடிக்கும் அந்த நான்கு பேரும், வாத்தியாரைக் கண்ட பள்ளிக்கூடப் பொடியங்கள்போல ஒரே நேரத்தில் கையைப் பின்னால் ஒளித்தார்கள். நாலு முதுகுக்குப் பின்னாலும் புகை எழும்புகிறது. வேறு ஒருநாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்குக் கண் மண் தெரியவில்லை. நடு ரோட்டில் நின்று கத்தினேன்.

"போதும். இண்டைக்கே பையைக் கட்டிக்கொண்டு வீட்டை போங்கோ. கால் போனால் போகட்டும். ஒத்தைக் காலிலை நிண்டு சிகரெட் பத்துங்கோ!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். ஆனால் கோபித்துக்கொண்டு போவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். அண்ணா என் பின்னால் வருகிறார், கொஞ்சத் தூரம் நடக்கிறார், கால் இறுகி நிற்கிறார். பாதை முழுக்கப் பனி உறைந்து கண்ணாடிபோல வழுக்குகிறது. விழுந்துவிட்டால்? நான் நின்று காத்திருக்கவேண்டியிருந்தது. கோபமாக நடப்பேன், நிற்பேன். திரும்பக் கோபமாக நடப்பேன், நிற்பேன்.

ஏற்றத்துக்கு வரும்போது அவரால் முடியவில்லை. பஸ் தரிப்பிடத்து இருக்கையில் இருந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவராகத்தான் கதைத்தார். "பாட்ஸ்பியோர்டுக்குப் போகேக்கை எனக்குப் பத்தத் தெரியாது."

அவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டும் வேலை செய்தவர் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"மெசின் சத்தத்திலை ஒருத்தரோடையும் கதைக்கேலாது. காதுக்கும் மூடி. விடியத் தொடங்கினால் மீனும் கத்தியும்தான். பத்திற ஆக்கள் மட்டும் இடைக்கிடை வெளியிலை போவினம். எங்கடை பெடியள் நாலைஞ்சு பேர் சுவரோடை ஒட்டிக்கொண்டு நிண்டு ஊர்க்கதை கதைப்பாங்கள், சிரிப்பாங்கள். நான் உள்ளுக்கை நிண்டு பாத்துக்கொண்டு நிப்பன். பிறகு நானும் ஒண்டை வாங்கிப் பத்தினன். முதல் நாள் இருமிச் சத்தி எடுத்தனான். ஆனால் அண்டைக்குத்தான், இந்த நாட்டுக்கு வந்ததுக்குப் பிறகு, நல்லாச் சிரிச்சனான்."

அவர் பனியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இப்பவும் அதுதான். அண்ணி வேலையாலை களைச்சு வருவா. பிள்ளையள் தங்கடை பாட்டிலை. வெளியிலை போய் நிண்டால் ஆரும் ஒருத்தன் வருவான், 'என்ன மச்சான்' எண்டு கேப்பான். சிகரெட்டை விட்டால் நான் வெளியிலை போறதுக்கு என்ன சாட்டுச் சொல்லுறது?"

உருக்கமான கதைதான். ஆனாலும் என் வாயில் வந்தது வேறு. "இதை முதலே சொல்லித் துலைச்சிருக்கலாமே! நான் என்னத்துக்கு வேலையிலை நிண்டு பெருஞ்சீரகத்துக்குப் பதில் சொன்னனான்?"

அவர் சிரித்தார். அன்றைக்குப் பையைக் கட்டவில்லை.

மறுநாள் விடியற்காலையில், அவர் வழக்கமாக முதல் சிகரெட் பத்தும் நேரத்துக்கு, நான் இரண்டு கப்பில் வெறும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, "வாங்கோ வெளியிலை" என்றேன். மைனஸ் பன்னிரண்டு. வாசலில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். அவருக்குச் சாட்டு வேண்டும் என்றால் இதோ சாட்டு, தேத்தண்ணி. வேலை முடிந்து வந்தும் நின்றோம், இரவுச் சாப்பாடு முடிந்ததும் நின்றோம். ஒவ்வொரு முறையும் நான் புறுபுறுத்துக்கொண்டுதான் நின்றேன். விரல் விறைத்து, மூக்கு ஒழுகி, தொட்டியில் மோதிரம் தேடிய பெண்மணிக்குக் கையசைத்துக்கொண்டு. பகலில் நான் வேலையில் நிற்பேனே, அதற்கு அந்த மூன்று சிநேகிதர்களில் தாடி வைத்த ஒருவருக்குக் கோல் எடுத்தேன்.

"அவர் வர முன்னம் நீங்கள் பத்தி முடிச்சிடுங்கோ. வந்தால் ஆளுக்கொரு கோப்பி வாங்கிக்கொண்டு நிண்டு கதையுங்கோ. சிகரெட்டை நீட்டினியள் எண்டால் உங்கடை வீட்டுக்காரிக்கு நான் என்ன சொல்லுவன் எண்டு எனக்கே தெரியாது."

"ஓம் தங்கச்சி, ஓம்" என்றார், பயந்துபோய்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் பெரிய வெறி ஒன்று வந்தது. கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது. தேத்தண்ணிக் கப்பைப் பனியில் வீசி எறிந்தார். "நீ என்ன எனக்குப் பொலிஸோ? அம்மாவும் அப்பாவும் இல்லையெண்டவுடனை நீ அதிகாரம் பண்ண வெளிக்கிட்டிட்டாய்! நான் இப்ப கடைக்குப் போய் வாங்கிப் பத்தத்தான் போறன்!" என்று வெளிக்கிட்டார்.

எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். "போங்கோ. நானும் வாறன். பத்திறதைப் பாக்கிறன்" என்று கூடவே நடந்தேன்.

நடந்தோம். கால் இறுகியது, நின்றார். நானும் நின்றேன். திரும்ப நடந்தோம். இறக்கத்தில் வழுக்கப் பார்த்தார், கையைப் பிடித்தேன், உதறினார். பிறகு திரும்ப நின்றார், இந்தமுறை அவராகவே என் தோளைப் பிடித்துக்கொண்டார். சுகமான ஒருவர் சட்டென்று போய்வரும் கடைக்கு நாங்கள் போய்ச் சேர ஒரு யுகம் எடுத்தது. கடை வாசலில் கதவு தானாகத் திறந்தது, மூடியது, திரும்பத் திறந்தது. அண்ணா உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தார். நடுக்கம் நின்றிருந்தது. தாதி சொன்ன அந்த அலை, எந்த இடத்தில் என்று தெரியவில்லை, வழியிலேயே இறங்கிப் போயிருக்கிறது. சிகரெட் பழுதாக்கிய கால்தான் அன்றைக்கு அவரைச் சிகரெட்டிடம் போய்ச் சேரவிடாமல் பிடித்து வைத்தது.

அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார். "வீட்டிலை பால் முடிஞ்சுதோ?"

பால் நிறைய இருந்தது. "ஓம் அண்ணா, முடிஞ்சுது" என்றேன்.

பாலை வாங்கிக்கொண்டு வந்தோம். திரும்பி வரும்போதும் அவ்வளவு நேரம் எடுத்தது. வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "குளிருக்குள்ளை ஆளை நடக்க வைச்சுக் கொல்லுறாய்."

ஒரு கிழமை என்று வந்தவர் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஹவுகெட்டோவுக்குப் போனார். அண்ணியிடம் நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: அவர் வெளியே போகும்போது நீங்களும் கூடப் போங்கோ. அண்ணி முறைத்தார், ஆனால் போனார். இளவேனிலில் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இடையில் ஒரு கல்யாண வீட்டில் ஒன்று பத்திவிட்டாராம். அவரே கோல் எடுத்துச் சொன்னார், நான் ஏசினேன், அவர் முழுவதையும் கேட்டார். அதற்குப் பிறகு இல்லை. இப்போது அவர் நடக்கும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

அண்மையில் என்னோடு வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி, தன் கணவர் சிகரெட்டை விடப்போகிறார் என்று சொல்லி ஆலோசனை கேட்டாள். "அக்கா, நான் கோபப்படாம அன்பா பேசிட்டே இருந்தா போதும்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிள்ளை, அந்த நாளுகளிலை உமக்கு அன்பு வராது, விசர்க்கோபம்தான் வரும். வரட்டும். நீர் ஏசும், கத்தும், ஆனால் அவர் வெளியிலை போகேக்கை கூடப் போய் நில்லும்" என்றேன். அவள் நம்பாத மாதிரித்தான் பார்த்தாள். அந்தக் கிழமை முழுக்க அண்ணாவிடம் நான் அன்பாகப் பேசியது ஒரு வார்த்தைகூட இருக்காது, ஆனாலும் ஒருவருக்குத் துணை நிற்பது என்றால் பெரும்பாலும் நிற்பதுதான் என்பதை, உறைபனியில் புறுபுறுத்துக்கொண்டே நான் கற்றுக்கொண்டேன்.