மாமியார் படுத்தால் நேராகும் கட்டில்

நூல்கண்டு என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது என் ஓரகத்தி வாயால். ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். "எங்க பெரியப்பா மகன் நூல்கண்டு இருக்கானே, மாமியாரை அசையாம படுக்க வச்சு சைக்கிள் செய்றானாம்" என்றாள். என் முட்டிவலி எனக்கு மறந்தேபோய்விட்டது.

ஆள் இரும்புக் கதவு செய்கிற பட்டறையில் வெல்டர். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு நூல்கண்டு, நுனியில் கட்டிய நட்டு. எதைக் கண்டாலும் அதைத் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கல்யாணம் பேசப் போன வீட்டில், கொடுத்த தண்ணீரைக் குடிக்கும் முன்னே சுவரில் நூலை விட்டு, "ரெண்டு விரக்கடை சாயுது அத்தை" என்றான். அந்த அம்மாள் பெண்ணைக் கொடுத்தாள், பேச்சைக் கொடுக்கவில்லை. பதினோரு வருஷம்.

அந்த மாமியார்தான் பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று தன் இரும்புக் கட்டிலோடு வந்து இறங்கி, நாலாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தவர் கட்டிலில் அவளுக்குத் தூக்கம் வராது. தன் கட்டிலை விட்டோ குளிக்கவும் சாப்பிடவும் தவிர எழுந்திருக்க மாட்டாள்.

அந்த நேரம் பார்த்து, நூல்கண்டின் பெண்டாட்டி வேலை செய்த தையல் கம்பெனி வேனை நிறுத்திவிட்டது. நடந்து போனால் ஒன்றேகால் மணி நேரம். அவள் குள்ளம், கடை சைக்கிளில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. இரண்டு தடவை விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டான், "மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன். அப்புறமும் லேட்டுன்னா வீட்லயே இருந்துக்கோம்மா."

"உன் காலுக்குத் தக்கபடி நானே செஞ்சு தர்றேன்" என்றான் நூல்கண்டு.

சைக்கிளுக்கு உடம்பு என்பது நாலைந்து குழாய்தான். ஆனால் பற்றவைக்கும்போது மயிரிழை நகர்ந்தாலும் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்காது. குழாய்களை அசையவிடாமல் கவ்விப் பிடிக்க ஒரு சட்டம் வேண்டும். பட்டறையில் அதற்கு ஜிக் என்று பேர். அந்த ஜிக்கைக் கோணல் இல்லாத ஒன்றின் மேல் பொருத்த வேண்டும். பட்டறையில் சொந்த வேலைக்கு இடம் கிடையாது என்பதால் வீடு முழுக்க நூல் விட்டுப் பார்த்தான். தரை கோணல், மேசை கோணல், நிலைக்கதவு இருப்பதிலேயே கோணல். மாமியாரின் கட்டில் மட்டும் அம்பு போல நேர்.

அவள் உறங்கும்போது கட்டிலின் பக்கச் சட்டத்தில் கோண இரும்புகளை முடுக்கி ஜிக்கைக் கட்டி முடித்தான். அவள் குளிக்கப் போன நேரத்தில் குழாய்களைப் பற்றவைத்தான். சக்கரம் மாட்டிப் பார்த்தால், முன்சக்கரம் ஒரு பக்கம் பார்க்கிறது, பின்சக்கரம் சண்டை போட்ட பங்காளி மாதிரி மறுபக்கம் பார்க்கிறது.

இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. நேராக இருந்தது கட்டில் இல்லை. கட்டிலும் மாமியாரும் சேர்ந்துதான் நேர். அவள் எழுந்தால் சட்டம் ஒரு நூல் அளவு எம்பிவிடும். வெறும் கட்டிலில் மறுபடி அளந்து கட்டலாம் என்றால், பாதி வேலையில் அவள் வந்து படுத்துவிடுவாள். மாசக் கடைசிக்கு ஆறு நாள்தான் இருந்தது.

"அத்தை, ஒரு அரை நாள் அசையாம படுத்திருக்கணும்."

மாமியார் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே மகளிடம் சொன்னாள், "எங்க வீட்டுச் சுவர் நேருன்னு உன் புருஷனை முதல்ல சொல்லச் சொல்லு."

நூல்கண்டு சட்டைப்பையில் இருந்த நூலைத் தொட்டுப் பார்த்தான். பொய் சொல்வதுகூடப் பரவாயில்லை. நூல் சொன்னதை எப்படி மாற்றிச் சொல்வது?

"சொல்லித் தொலைங்களேன். என் வேலை போயிரும்" என்று பெண்டாட்டி அவன் விலாவில் இடித்தாள்.

அரைமணி நேரம் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தான். கடைசியில், "சுவர் நேர்தான் அத்தை. தரைதான் சாய்வு" என்றான்.

கிழவி முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க மாப்ளே! தரை போட்டது என் கொழுந்தன். அவன் எதைத்தான் ஒழுங்கா செஞ்சான்?"

மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் நெருப்பிலிருந்து காக்க ஈரப் போர்வை போர்த்திப் படுத்தாள். பதினோரு வருஷப் பேச்சும் அன்றைக்கே வந்தது.

"பேசாதீங்க அத்தை, குழாய் ஆடுது."

"தும்மல் வருது மாப்ளே."

"ரெண்டு நிமிஷம் பொறுங்க! இது கழுத்துக் குழாய்!"

பொறுத்தாள். அவன் நெருப்பை அணைத்த பிறகு அவள் தும்மியதில் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்து அழுததாம்.

சைக்கிள் நூல் பிடித்த மாதிரி ஓடியது. மாசம் பிறந்த முதல் நாள் மேஸ்திரிக்கு முன்னால் கம்பெனி வாசலில் நின்றாள் பெண்டாட்டி. அங்கே குட்டையான பெண்கள் கொஞ்சமா? பதினாலு பேர் "எனக்கும் ஒண்ணு" என்று பிடித்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே மாமியார் தன் மகன் வீட்டுக்குப் புறப்பட்டாள். கட்டிலும் வண்டியேறியது. நூல்கண்டு வேறு கட்டில் வாங்கி மணல் மூட்டை அடுக்கினான், பெண்டாட்டியைப் படுக்க வைத்தான், எதிர்வீட்டு ஓட்டல்காரரைக்கூடக் கெஞ்சிப் படுக்க வைத்தான். ஒன்றும் நூலுக்கு ஒத்துவரவில்லை.

இப்போது நூல்கண்டு மச்சான் வீட்டில், சமையலறையை ஒட்டிய அறையில், மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்டாட்டி சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.